நீடிக்கும் பவர் ஆஃப் அட்டார்னி: பின்னால் திருத்த முடியாத தவறுகள்

பெற்றோர் பவர், அதாவது தம் பணத்தையும் சொத்தையும் தம் சார்பில் கவனிக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதிவைத்திருந்தால் மட்டும் போதாது, அது எந்த வகைப் பவர் என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. இங்கே சொல்வது நியூ சவுத் வேல்ஸின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து. சாதாரணப் பவர், எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் பயனற்றுப்போகும். அதன் பிறகும் செல்லுபடியாவது 'நீடிக்கும்' பவர்தான். ஆனால் அந்த நிலை வந்தபின் அதைப் புதிதாக எழுத முடியாது, எழுதியதைத் திருத்தவும் முடியாது. ஆகவே தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. மறதி நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டாலே காலம் கடந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கையெழுத்திடும் வேளையில் விவரம் புரிகிறதா என்பதுதான் கேள்வி. அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், பிற்பாடு யாராவது எதிர்த்தால் கைகொடுக்கும்.

அடுத்தது சாட்சி. தெரிந்த ஜேபி (ஆவணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்திடும் 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்') ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைப்பார்கள், போதாது. வழக்கறிஞர், உள்ளூர் நீதிமன்றப் பதிவாளர், இதற்கான பயிற்சி முடித்த கன்வேயன்சர் (சொத்து விற்பனைப் பத்திரங்களைக் கவனிக்கும் உரிமம் பெற்றவர்) போன்றோரே சாட்சியாகலாம். பத்திரத்தின் விளைவை விளக்கியதாகவும் அது எழுதிக்கொடுப்பவருக்குப் புரிந்ததாகவும் சாட்சி சான்றளிக்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாதென்றால் மொழிபெயர்க்க மகனை உட்கார வைக்காதீர்கள், அதிலும் அவரே முகவர் (பவரில் அதிகாரம் பெறுபவர்) என்றால் கூடவே கூடாது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். முகவரும் ஏற்புப் பகுதியில் கையெழுத்திட வேண்டும். அது வெறுமையாக இருக்கும்வரை அவருக்கு அதிகாரம் இல்லை.

பாசத்தால் நேரும் தவறு ஒன்று உண்டு. யாரும் மனம் நோகக் கூடாதென்று இரண்டு பிள்ளைகளையும் 'கூட்டாக' நியமிப்பது. அப்படியானால் ஒவ்வொரு காரியத்துக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்டவேண்டிய நேரத்தில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வேலை நின்றுவிடும். ஒருவர் இறந்தால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, பவரே முடிந்துபோகும். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று எழுதி, ஒரு மாற்று முகவரையும் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. எப்போது நடைமுறைக்கு வரும் என்ற இடத்தையும் கவனித்து நிரப்புங்கள்: முகவர் ஏற்ற உடனேயா, மருத்துவர் எழுதித் தந்த பிறகா?

வீட்டை விற்க நேர்ந்தால் நிலப் பதிவகத்தில் பவரைப் பதிந்திருக்க வேண்டும். பவரின் அசல் பிரதி தொலைந்தபின் பதிய ஓடுவது பெரும்பாடு, முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

நிர்வாகத்தில் அதிகம் சறுக்குவது நல்லெண்ணம் உள்ளவர்கள்தான். அப்பாவின் மின்கட்டணம் 187 டாலரைத் தன் அட்டையில் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் அவர் கணக்கிலிருந்து முழுசாக 500 டாலர் எடுத்துக்கொள்வார் மகள். மீதி 313 எதற்கு என்று தம்பி கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. கட்டணத்தை அப்பாவின் கணக்கிலிருந்தே நேராகக் கட்டுங்கள். கைக்காசு போட்டால் அதே தொகையை மட்டும், ரசீது, தேதி, காரணத்தோடு எழுதி எடுங்கள். இருவர் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு கொடுப்பதற்குக்கூடப் பத்திரத்தில் அனுமதி எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் என்கேட் (NCAT) எனப்படும் மாநிலச் சிவில், நிர்வாகத் தீர்ப்பாயம் கணக்குக் கேட்கலாம், முகவரை நீக்கவும் செய்யலாம்.

இந்தப் பவர் பணத்துக்கும் சொத்துக்கும் மட்டுமே. சிகிச்சை, தங்குமிடம் பற்றி முடிவெடுக்க 'நீடிக்கும் பாதுகாவலர்' நியமனம் தனியாக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றே முடிந்தது. அதன் பிறகு அவர் வங்கிக் கணக்கைத் தொடக் கூடாது, உயிலை நிறைவேற்றுபவர்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலம் இருந்தால் இந்தப் பத்திரத்தை நம்பியிருக்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201இன்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தால் முகவரின் அதிகாரமும் போய்விடும். அந்த நிலத்தை விற்பதோ பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவதோ உயில் எழுதுவதோ, பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே அங்குள்ள வழக்கறிஞரை வைத்து முடிக்க வேண்டும்.