மாடிப் பாத்தியில எறும்பு வந்துடுச்சா? முதல்ல மண்ணுக்குள்ள கைய விட்டுப் பாருங்க

போன பங்குனியில எங்க மொட்டைமாடி செங்கல் பாத்தியில கத்தரி நாத்து வைக்கலாம்னு குழி பறிச்சேன், கைய விட்ட அடுத்த நொடி விரல் இடுக்கெல்லாம் சுள்ளுசுள்ளுன்னு கடி. பார்த்தா உள்ள செவ்வெறும்புக் கூடு, குருணை அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா குஞ்சுகள வாயில கவ்விக்கிட்டு நாலாப் பக்கமும் ஓடுது. தினம் காலைல தவறாம தண்ணி ஊத்துற பாத்தி அது, மேல் மண்ணு நல்லா ஈரமாத்தான் இருந்துச்சு, ஆனா நாலு விரக்கடை கீழ தோண்டுனா மண்ணு பொடியா உதிருது, சொட்டு ஈரம் இல்ல. அதனால எறும்புப் பொடி வாங்க கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி எல்லாரும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், விரல முழுசா மண்ணுல விட்டு உள்ள ஈரம் இருக்கான்னு பாருங்க. பாத்திக்குள்ள கூடு கட்டுற எறும்புக்கு வேண்டியது காஞ்ச, சூடான, பொலபொலன்னு இருக்குற மண்ணு, அது கிடைச்சுட்டா நீங்க எத்தன தடவை விரட்டுனாலும் திரும்ப வரும்.

உள்ள ஏன் காயுதுன்னா, நிறைய வீட்டுல காரணம் கோகோபீட்தான், அதான் தேங்கா நார்த் தூளு. மாடில வெயிட் ஏறக்கூடாதேங்குற பயத்துல பாதிக்குப் பாதி பொள்ளாச்சி கோகோபீட் கட்டிய ஊறவச்சுப் போட்டுடுறோம், ஈரமா இருக்குறவரைக்கும் அது ஸ்பான்ஜ் மாதிரி தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், ஆனா ஒரு தடவை நல்லா காஞ்சுபோச்சுன்னா வேகமா ஊத்துற தண்ணிய சட்டுன்னு உள்ள வாங்காது. மேல ஊத்துற தண்ணி பாத்தி ஓரமா வழிஞ்சு கீழ ஓட்டை வழியா ஓடிடும், நாமளும் தண்ணி வெளிய வருதே, நல்லா நனைஞ்சிருச்சுன்னு நினைச்சுக்குவோம். இதுக்கு ஒரே வழி பொறுமையா ஊத்துறதுதான். பூவாளியில லேசா ஒரு சுத்து ஊத்திட்டு பத்து நிமிஷம் விடுங்க, மறுபடி ஒரு சுத்து, இப்படி மூணு நாலு தடவை ஊத்திட்டு விரல விட்டுப் பாருங்க. கூடு இருக்குற இடத்துல ஒரு கம்பிய வச்சு ஏழெட்டு ஓட்டை போட்டு அது வழியா மெதுவா தண்ணி விடணும், நாலஞ்சு நாள் விடாம செஞ்சீங்கன்னா எறும்பு குஞ்சுகள தூக்கிக்கிட்டு தானாவே இடம் மாறிடும், எனக்கு அஞ்சாவது நாள் கூடு காலி. கொதிக்கிற தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க, எறும்போட சேர்ந்து வேரும் வெந்துடும், மண்புழுவும் போயிடும். உப்பு போடச் சொல்றவங்க பேச்சையும் கேக்க வேண்டாம், பாத்தி மண்ணுல உப்பு ஏறிட்டா செடி தேறாது, அத கழுவி எடுக்க எவ்வளவோ தண்ணி செலவாகும்.

எல்லா எறும்பையும் விரட்டணும்னும் இல்லங்க. கடிக்காத குட்டி கறுப்பு பிள்ளையார் எறும்பு நாலு ஓடுனா விட்டுடுங்க, செத்த பூச்சியெல்லாம் இழுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணுது, மண்ணுல சந்து போட்டு காத்தோட்டம் குடுக்குது. தனியா திரியுற கட்டெறும்பாலயும் பாத்திக்கு பெருசா கெடுதல் இல்ல. கவனிக்க வேண்டியது இந்த செவ்வெறும்பத்தான், வெண்டைச்செடி அடித்தண்டுல தோலைக் கடிச்சு வைக்கும், மொட்டையும் விடாது, விதைச்ச விதையயும் தூக்கிட்டுப் போயிடும். கீரை விதைக்கும்போது எங்க அப்பத்தா விதையோட சலிச்ச சாம்பலும் மணலும் கலந்துதான் தூவுவாங்க, பாத்தி விளிம்ப சுத்தி ஒரு பிடி நொய்யையும் போட்டு வைப்பாங்க, எறும்பு நொய்ய தூக்குற வேலையில இருக்கும், அதுக்குள்ள அரைக்கீரை நாலு நாள்ல முளைச்சிடும். நானும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் செய்றேன்.

செடி மேல எறும்பு சாரை சாரையா ஏறுதுன்னா அது வேற கதை, அது மண்ணுக்காக வரல, மாவுப்பூச்சிக்கோ அசுவினிக்கோ வருது. கத்தரி இலையத் திருப்பி நரம்பு ஓரமா பாருங்க, வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும், அதான் மாவுப்பூச்சி, அது செடியோட சாறக் குடிச்சிட்டு இனிப்பா ஒரு திரவத்த வெளிய விடும், எறும்பு அதைத்தான் நக்கிக் குடிக்குது. சும்மாவும் குடிக்கிறதில்ல, மாவுப்பூச்சிக்கு காவலே இருக்குது, அத சாப்பிட வர்ற பொறிவண்டையும் குளவியையும் துரத்தி விட்டுடும். 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதல்ல வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் வெளுத்துச்சு, மருந்துக்கு அடங்கல, 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து அசிரோஃபேகஸ்னு கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு குட்டிக் குளவிய கொண்டுவந்து விட்டப்புறம்தான் அடங்குச்சு. அந்த மாதிரி குளவி நம்ம மாடிக்கும் வரும், எறும்பு வழிய மறிச்சா அதால மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்க முடியாது. அதனால எறும்பையும் மாவுப்பூச்சியையும் சேர்த்தே பிடிக்கணும், ஒண்ண விட்டுட்டு ஒண்ண பிடிச்சா ரெண்டும் திரும்ப வந்துடும்.

கொஞ்சமா இருந்தா பழைய டூத்பிரஷ்ஷ தண்ணில தொட்டு தேய்ச்சு விட்டாலே போதும். நிறைய அப்பியிருந்தா அந்தக் கிளைய வெட்டி கவர்ல கட்டி வெளிய போடுங்க, கம்போஸ்ட் தொட்டியில போடாதீங்க. மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணியில கலக்குறதுக்கு கொஞ்சூண்டு காதி சோப்புக் கரைசல், நல்லா கலக்கிக்கிட்டே சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க, வாரம் ஒரு தடவைன்னு மூணு வாரம். பகல்ல அடிச்சா இலை கருகிடும், நான் ஒரு தடவை அவசரத்துல காலைல பதினொரு மணிக்கு அடிச்சு மிளகா செடி ரெண்டு பாழாப் போச்சு.

இன்னொண்ணு, நாம குடுக்குற உரமே எறும்ப கூப்பிடும். கடலைப் புண்ணாக்க அப்படியே உடைச்சு மேல தூவுனா அடுத்த நாள் அங்க எறும்புச் சந்தைதான், அத ரெண்டு மூணு நாள் ஊறவச்சு புளிச்சதும் ஒண்ணுக்கு பத்து தண்ணி கலந்து ஊத்தணும். வெல்லம் போட்ட ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் எதுவா இருந்தாலும் நீர்க்க கலந்து ஊத்திட்டு, மேல ஒரு சுத்து நல்ல தண்ணி விட்டுடுங்க. முட்டை ஓட்ட கழுவாம போடாதீங்க.

இதுக்கும் அடங்கலைன்னா போரிக் பவுடர் வைக்கலாம், கேரம்போர்டு பவுடர் டப்பாவுல போரிக் ஆசிட்னு எழுதியிருந்தா அதுவே போதும். 200 மில்லி வெந்நீர், நாலு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பவுடர், அவ்வளவுதான். அதிகமா போட்டா எறும்பு வழியிலயே செத்துடும், கூட்டுல இருக்குற ராணிக்கு போய்ச் சேராது. பஞ்சுல நனைச்சு பாட்டில் மூடியில வச்சு பாத்திக்கு வெளிய, அது போற பாதையில வைங்க, மண்ணுல சிந்தவே கூடாது, அதுல இருக்குற போரான் மண்ணுல அதிகமானா இலை ஓரம் கருகும். மொத ரெண்டு நாள் எறும்பு மொய்க்கும், நசுக்காம விடுங்க, ஒரு வாரம் பத்து நாள்ல குறையும். குழந்தைங்க, நாய், பூனை இருக்குற வீட்டுல மூடிய அதுங்களுக்கு எட்டாத இடத்துல வைங்க, இல்லன்னா வைக்காதீங்க. எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி எல்லாம் பூச்சிமருந்துங்க, கீரை பறிச்சு சாப்பிடுற பாத்திக்கிட்ட அது எதுக்கு.

ஸ்டாண்டு மேல வச்ச பாத்தியா இருந்தா வேலை சுலபம், அந்தக் காலத்துல பலகார அலமாரி காலுக்கு வச்ச மாதிரி ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிண்ணத்துல தண்ணி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டி மாத்தணும், இல்லன்னா டெங்கு கொசு முட்டை வைக்கும், ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணியும் விட்டுக்குங்க. செடியோட இலை சுவத்த தொட்டுக்கிட்டு இருந்தா எறும்புக்கு அதுவே பாலம், கவாத்து பண்ணிடுங்க.

இப்ப மண்ணுக்கு வருவோம். வருஷம் ஒரு தடவை, சித்திரை வெயில்ல பாத்தி காலியா இருக்கும்போது மண்ணக் கிளறி, மண்புழு இருந்தா பொறுக்கி கம்போஸ்ட் தொட்டியில விட்டுட்டு, நல்லா தண்ணி விட்டு, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்து மூடி ஓரமெல்லாம் செங்கல் வச்சு அழுத்திடுங்க, கறுப்பு ஷீட் வேண்டாம். நாலுல இருந்து ஆறு வாரம். உள்ள ஏறுற சூட்டுல எறும்பு, களை விதை, வேர்ல முடிச்சு போடுற நூற்புழு எல்லாம் பெருமளவு அடங்கும். நல்ல நுண்ணுயிரும் கொஞ்சம் போகும், அதனால பிரிச்சதும் மண்புழு உரமும் மக்குன மாட்டெருவும் சேர்த்து ரெண்டு இன்ச் போடுங்க, எப்படியும் வருஷா வருஷம் மண்ணு மக்கி கீழ இறங்கத்தான் செய்யும். சதுர அடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து ஈரமாவே வச்சு பத்து பன்னெண்டு நாள் கழிச்சுதான் நடணும், எறும்புக்கும் அந்த வாடை ஆகாது, செடிக்கு மெதுவா தழைச்சத்தும் கிடைக்கும். கோகோபீட்ட நான் இப்ப அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சேர்க்குறதில்ல, மீதி செம்மண்ணும் தொழுஉரமும், ஆனா பாத்தி ரொம்ப ஆழமா இருந்தா மாடி தாங்குமான்னு விசாரிச்சுட்டு செய்ங்க.

நட்டதும் காஞ்ச இலை, கரும்புச் சோகை எதையாவது ரெண்டு இன்ச் மூடாக்கு போட்டு தண்டச் சுத்தி மட்டும் நாலு விரல் இடம் விடுங்க. ஆடியில விதைக்கிறதுக்கு முன்னாடி அடி மண்ணுல ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க, உருண்டையா நிக்கணும், கட்டை விரலால தட்டுனா உதிரணும், உருண்டையே பிடிக்கலைன்னா இன்னும் ரெண்டு சுத்து தண்ணி ஊத்திட்டு நாளைக்கு விதைங்க.