பின்னணியை மங்கலாக்கும் முன் பறவையை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்

பனை மட்டையில் ஒரு பனங்காடை. பின்னால் தோப்பு முழுக்கத் தெளிவாகப் பதிந்துவிட்டதால் பறவையின் நீலம் ஓலைகளுக்குள் தொலைந்து கிடக்கிறது. இதுபோன்ற படத்தில் பலரும் பறவையைத் தேர்வு செய்து, தேர்வைத் தலைகீழாக்கி, பின்னணிக்குக் காஸியன் பிளர் (எல்லாத் திசையிலும் சமமாக மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுப்பார்கள். உடனே பறவையைச் சுற்றி நீலப் புகைபோல ஒரு வளையம் தோன்றும்.

பிளர் என்பது ஒவ்வொரு பிக்சலிலும் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலப்பதுதான். ஆரம் 30 பிக்சல் என்றால் பறவையின் நீலமும் அந்தத் தூரத்துக்குப் பின்னணியில் கசியும். கறை பின்னணியிலேயே இருப்பதால், மாஸ்க்கை (லேயரில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மறைப்பை) எத்தனை நுணுக்கமாக வெட்டினாலும் வளையம் போகாது.

ஆகவே ஃபோட்டோஷாப்பில் முதலில் படத்தை 16 பிட்டுக்கு (நிறச் சாயல்கள் கூடுதலாகப் பதியும் முறைக்கு) மாற்றிக்கொண்டு, கன்ட்ரோல்-ஜே இருமுறை அழுத்துங்கள். படத்தின் மேல் இரண்டு நகல் லேயர்கள் (அடுக்குகள்) வரும்; மேலுள்ளது பறவைக்கு, நடுவிலுள்ளது பின்னணிக்கு. மேல் லேயரில் 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்து, இறகு விளிம்புகளை 'ரிஃபைன் எட்ஜ்' பிரஷ்ஷால் சரிசெய்து மாஸ்க் போடுங்கள். பறவை பிடித்திருக்கும் மட்டையும் மாஸ்க்குக்குள் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் பறவை அந்தரத்தில் மிதக்கும்.

அடுத்து மேல் லேயரை மறைத்துவிட்டு நடு லேயருக்கு வாருங்கள். கன்ட்ரோலைப் பிடித்தபடி மாஸ்க் படத்தைச் சொடுக்கினால் அதே தேர்வு கிடைக்கும். அதை 10 முதல் 15 பிக்சல் வரை விரித்து 'கன்டென்ட்-அவேர் ஃபில்' கொடுங்கள்; பறவை இருந்த இடத்தைச் சுற்றியுள்ள காட்சியைக் கொண்டே அது நிரப்பிவிடும். நிரப்பியது கோணல்மாணலாக இருந்தாலும் கவலையில்லை, எப்படியும் மங்கப்போகிறது. நீலம் ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்பவர்கள் இந்த இடத்தைக் குளோன் கருவியால் மூடிக்கொள்ளலாம்.

தேர்வை நீக்கி, அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்குங்கள். பிளர் அளவை எப்போது வேண்டுமானாலும் மாற்ற இது உதவும். இனி ஒரே திசையில் இழுத்து மங்கலாக்கும் மோஷன் பிளர்: கோணம் 90, அதாவது செங்குத்து. 6000×4000 பிக்சல் படத்துக்குத் தூரம் 200 முதல் 400 வரை வைத்துப் பாருங்கள். சிறிய படத்துக்கு அதே விகிதத்தில் குறையுங்கள். மரங்கள் நெடிய வண்ணக் கோடுகளாக உருகி, தோப்பு ஓவியம்போல ஆகிவிடும். காஸியன் தரும் வெறும் மூட்டத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பனை என்பது தெரியாமல் போனாலும் அதன் நிமிர்வு படத்தில் நிற்கிறது.

காட்சியில் ஏற்கெனவே ஓடும் திசையிலேயே பிளரும் ஓட வேண்டும். சாய்ந்து வளர்ந்த தோப்பு என்றால் ரூலர் கருவியால் சாய்வை அளந்து அந்தக் கோணத்தைக் கொடுங்கள். கோணம் பிசகினால் கோடுகள் மரத்தைக் குறுக்கே அரித்து, அடிமரம் வெறும் கறையாகப் பரவிவிடும். அலைக்கும் தொடுவானத்துக்கும் கோணம் 0. அங்கே 90 வைத்தால் கடல் வானத்துக்குள் ஏறிவிடும். காற்றில் வளையும் நாணலுக்கு, நாம் வரையும் வளைகோட்டின் வழியே ஓடும் பாத் பிளர் பொருந்தும்.

செங்குத்துப் பிளரில் படத்தின் மேல், கீழ் ஓரங்களில் பிக்சல்கள் இழுபட்டுப் பட்டைகளாகத் தெரியும். அவற்றை கிராப் செய்ய எடுக்கும்போதே கொஞ்சம் இடம் விட்டிருப்பது நல்லது. கோடுகள் அளவுக்கு மீறியிருந்தால் ஸ்மார்ட் ஃபில்டரின் (ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுக்குக் கொடுத்த பிளரின்) மாஸ்க்கில் 30 சதவீத ஒபாசிட்டி (அடர்த்தி) உள்ள கறுப்பு பிரஷ்ஷால் அடிமரங்களை மட்டும் லேசாக மீட்டெடுங்கள்.

மேல் லேயரைத் திரும்பக் காட்டினால் பறவை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். பறவையில் கேமரா சென்சார் தரும் மணல்துகள் போன்ற புள்ளிகள் (நாய்ஸ்) இருக்கிறது, பின்னணியில் அது பிளரோடு போய்விட்டது. 'ஆட் நாய்ஸ்' 1 அல்லது 2 சதவீதம், காஸியன், மோனோகுரோமேட்டிக் என்று பின்னணிக்குக் கொடுத்து, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் ஒப்பிடுங்கள். வானத்தில் படிப்படியாகத் தெரியும் வண்ணப் பட்டைகளும் இதனால் மட்டுப்படும்.

இயற்கைப் பிரிவில் இத்தகைய திருத்தத்தைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. ரா கோப்பை (கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை) அப்படியே வைத்துக்கொண்டு, இதைப் படைப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள்.