உலகப் போர் மண்டையில ஏறலையா? வீட்டுலேருந்து ஆரம்பிச்சுப் பாருங்க

அக்கா மவன் ஃபார்ம் ஃபோர். போன மாசம் மலேசியாவுல பேராக் பக்கம் இருக்கிற சுங்கை சிப்புட் வீட்டுக்குப் போனப்ப பையன் மேசையில உக்காந்து "28 ஜூன் 1914"ன்னு ஒரே வரிய இருபது தடவ எழுதிக்கிட்டு இருக்கான், ஏன்டா இப்படின்னு கேட்டா மனசுல நிக்கல மாமாங்கிறான். நானும் அப்படித்தான் படிச்சேன், எங்க வாத்தியார் போர்டு முழுக்க எழுதுவாரு, நாங்க காப்பி அடிப்போம், மணி அடிச்சா அழிச்சிடுவாரு, போர்டுலேருந்து அழிஞ்சப்பவே எங்க மண்டையிலேருந்தும் அழிஞ்சிடும். அதனால செஜாராவுக்கு, அதாவது வரலாறு பாடத்துக்கு, நான் இப்ப பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற முறைய இங்க எழுதுறேன், பெரியவங்க சும்மா ஆசைக்குப் படிக்கவும் இது சரிப்படும்.

முதல்ல புக்கை மூடி வைங்க. வீட்டுல இல்ல பக்கத்து வீட்டுல தொண்ணூறு தாண்டுன பாட்டி யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட போங்க, இல்லன்னா அவங்க பிள்ளைங்ககிட்ட. போய் "ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் கேக்காதீங்க, "ரொம்ப கஷ்டம்யா"ன்னு சொல்லிட்டு வெத்தலைய எடுத்துருவாங்க. சின்னச் சின்னதா கேக்கணும். அரிசி இல்லாதப்ப என்ன சாப்டீங்க? கைல என்ன காசு இருந்துச்சு? நம்ம தோட்டத்து லயத்துலேருந்து யாரு சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனா, திரும்பி வந்தாங்களா? மரவள்ளிக்கிழங்கு வரும், வாழைமரம் படம் போட்ட ஜப்பான் நோட்டு வரும், மூணாவது கேள்விக்குப் பாதி வீட்டுல பேச்சு நின்னுடும், அப்ப அவசரப்படுத்தாதீங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க, ஆரம்பத்துல அன்னிக்குத் தேதியச் சொல்லிட்டு ஆரம்பிங்க.

பாட்டி சொன்னது ஒவ்வொண்ணும் ஒரு ஆணி மாதிரி, தேதியெல்லாம் அதுல மாட்டுறதுக்குத்தான். பழைய குதிரைக் காலண்டர் தாள் எல்லார் வீட்டுலயும் கிடக்கும், பின்பக்கம் வெள்ளையாதான் இருக்கும், ஒரு போருக்கு ஒரு தாள்னு எடுத்துக்குங்க. நடுவுல கோடு போட்டு இடது பக்கம் "இங்க", அதாவது மலாயா, வலது பக்கம் "அங்க", அதாவது வெளியுலகம். இங்க பக்கத்துல 8 டிசம்பர் 1941, ஜப்பான்காரன் கோத்தா பாருல கரை இறங்குறான். அங்க பக்கத்துல பேர்ல் ஹார்பர், ஜப்பான்காரன் குண்டு போட்ட அமெரிக்கக் கடற்படைத் தளம், அமெரிக்கா கணக்குல அது 7 டிசம்பர், ஆனா உண்மையில கோத்தா பாருதான் ஒரு மணி நேரத்துக்கு மேல முந்தி. இந்த ஒண்ணச் சொன்னாலே பையன் நிமிர்ந்து உக்காருவான், உலகமே பேசுற அந்தச் சண்டை கிளந்தான் கடற்கரையிலதான் முதல்ல ஆரம்பிச்சுச்சான்னு. 15 பிப்ரவரி 1942, பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பான் ஜெனரல் யமாஷித்தாகிட்ட சிங்கப்பூரைக் குடுத்துட்டு சரண்டர். அப்புறம் சயாம் மரண ரயில், தாய்லாந்துல பான்போங்லேருந்து பர்மால தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. வெள்ளைக்காரக் கைதிங்க 60,000 பேருக்கு மேல, நம்ம தோட்டத்து ஆளுங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க அதைவிட ரொம்ப ரொம்ப அதிகம், ஆனா கல்லறையில பேர் போட்டு வச்சிருக்கிறது யாருக்குன்னு பாத்தா உங்களுக்கே புரியும். அதே 1943 ஜூலையிலதான் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வர்றாரு, தோட்டத்துப் பொண்ணுங்க ரப்பர் பால்வாளிய வச்சிட்டு அவரோட பொம்பளைங்க படையான ஜான்சி ராணிப் படையில சேந்தாங்க. எல்லாம் ஒரே தாள்ல வந்துருச்சா, இதுக்கு மேல அந்தப் பக்கத்த மனப்பாடம் பண்ண வேணாம்.

இப்ப முதல் உலகப் போர். இதுக்கு பாட்டி உதவமாட்டாங்க, ஆனா பாட்டி வாயிலேருந்து வர்ற ஒரு வார்த்தை உதவும். "அவன் பெரிய எம்டன்டா"ன்னு திட்டுவாங்கல்ல, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 22 செப்டம்பர் 1914 ராத்திரி மெட்ராஸ் வந்து பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிய குண்டு போட்டு எரிச்சுட்டுப் போயிடுச்சு, அந்தப் பயத்துலதான் தமிழ்ல வார்த்தையே வந்துச்சு. அதோட விடல, 28 அக்டோபர் விடிகாலையில நம்ம பினாங்குக்கே வந்துச்சு, மூணு புகைக்குழாய் கப்பலுக்கு நாலாவதா ஒரு டூப்ளிகேட் குழாய் வச்சு இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேஷம் போட்டு உள்ள நுழைஞ்சு, ரஷ்யாக்காரனோட செம்ச்சுக் கப்பலை மூழ்கடிச்சு, வெளிய போற வழியில ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடிச்சிட்டுப் போனான். பன்னண்டே நாள்ல, 9 நவம்பர், கொக்கோஸ் தீவுல ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் அவனை அடிச்சு முடிச்சுருச்சு. கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர்.

பினாங்குல ரஷ்யாக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் என்ன சண்டைன்னு பையன் அவனாவே கேப்பான். அப்பதான் போஸ்னியாவுல இருக்கிற சரயேவோவுக்குப் போகணும், அதுக்கு முன்னாடி போகாதீங்க. 28 ஜூன் கவ்ரிலோ பிரின்சிப்ங்கிற செர்ப் இளைஞன் ஆஸ்திரியா இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுடுறான், சரியா ஒரு மாசம் கழிச்சு 28 ஜூலை ஆஸ்திரியா செர்பியா மேல போர்ங்குது, செர்பியாவுக்கு ரஷ்யா சப்போர்ட், ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் கூட்டாளி, ஜெர்மனி பிரான்சை அடிக்க பெல்ஜியம் வழியா பூந்தான், பெல்ஜியத்தைக் காப்பாத்துறோம்னு 1839லயே கையெழுத்து போட்ட பிரிட்டன் 4 ஆகஸ்ட் உள்ள வந்தான். பிரிட்டன் வந்தா மலாயாவும் வந்துருச்சு, நம்மள யாரும் கேக்கல.

ஆளுங்க பேரு குழம்புதா? இதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு, இங்கிலீஷ்லயும் மலாய்லயும் படிக்கிற பசங்களுக்கு இது கிடைக்காது. பிரிட்டன் ராஜா ஜார்ஜ், ஜெர்மனி கைசர் வில்ஹெல்ம், ரஷ்யா ஜார் நிக்கோலஸ் மூணு பேரையும் புக்குல கசின் கசின்னு போட்டுருவாங்க, ஒண்ணும் புரியாது. நம்ம முறை வச்சுப் பாருங்க. ஜார்ஜோட அப்பாவும் வில்ஹெல்மோட அம்மாவும் கூடப் பொறந்தவங்க, அப்ப வில்ஹெல்ம் யாரு? அத்தை மகன், மச்சான். ஜார்ஜோட அம்மாவும் நிக்கோலஸோட அம்மாவும் டென்மார்க் அரசகுடும்பத்து அக்கா தங்கச்சி, அப்ப நிக்கோலஸ் சின்னம்மா மகன், தம்பி. நிக்கோலஸ் பொண்டாட்டி அலிக்ஸ் வில்ஹெல்முக்கு சின்னம்மா மகள், அதாவது தங்கச்சி, அந்தக் கணக்குல நிக்கோலஸுக்கும் வில்ஹெல்முக்கும் மச்சான் முறைதான். ஆகமொத்தம் அண்ணன் தம்பி ஒரு பக்கம், ரெண்டு பேருக்கும் மச்சான் எதிர்ப்பக்கம். 1913 மே மாசம் பெர்லின்ல வில்ஹெல்ம் மக கல்யாணத்துல மூணு பேரும் சேந்து இருந்தாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சண்டை. குடும்பச் சண்டைனாலதான் போர் வந்துச்சுன்னு பரீட்சையில எழுதிடாதீங்க, அது பேர ஞாபகம் வச்சுக்கத்தான், காரணம் மேல சொன்ன அந்தக் கூட்டணிச் சங்கிலி, கப்பல் படைப் போட்டி, பால்கன் பிரச்சினை, இதெல்லாம்.

பெரிய தலைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு வரி போதும்: என்ன ஆசப்பட்டான், எங்க கணக்குத் தப்புச்சு. நெப்போலியன், 24 ஜூன் 1812, ரஷ்யாவுக்குள்ள போனான், பனி, பசி, பட்டாளமே போச்சு. ஹிட்லர், 22 ஜூன் 1941, அதே ரஷ்யா, அதே ஜூன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுனா எந்தப் பிள்ளையும் மறக்காது. நெப்போலியனுக்கு "இங்க" பக்கத்துல என்ன எழுதுறதுன்னு கேக்கலாம், மலாக்கா கோட்டைய எழுதுங்க. அவனுக்கு முன்னாடியே பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க ஹாலந்தைப் புடிச்சதனால 1795ல இங்கிலீஷ்காரன் டச்சுக்காரன்கிட்டேருந்து மலாக்காவை வாங்குறான், அப்புறம் வேற எவன் கைலயும் போயிடக்கூடாதுன்னு 1807ல கோட்டைய வெடி வச்சுத் தகர்த்தான். ஸ்கூல் டிரிப்ல நீங்க நின்னு போட்டோ எடுத்துக்கிட்ட அந்த ஒத்த வாசல் அதுல தப்பிச்சதுதான்.

ரப்பருக்குன்னு தனியா ஒரு தாள் கட்டாயம். 1877ல குவாலா கங்சார்ல 9 கன்னு நட்டாங்க, நம்ம ஊருலேருந்து கொஞ்ச தூரம்தான். ஜப்பான் மலாயாவையும் இந்தோனேசியாவையும் புடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் பால் நின்னு போச்சு, அங்க பெட்ரோலுக்கு ரேஷன் வச்சதே முக்கியமா டயரைக் காப்பாத்தத்தான், செயற்கை ரப்பர் ஃபேக்டரி கட்டுனதும் அதனாலதான். 1950ல கொரியாப் போர் வந்ததும் இங்க ரப்பர் விலை எகிறுச்சு. தாத்தா அந்த வருஷம் சைக்கிள் வாங்குனேன்னு சொன்னா நம்புங்க.

1948 ஜூன் தாள்ல சுங்கை சிப்புட்காரங்களுக்கு இங்க பக்கம் ஈஸி, 16ம் தேதி எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்காரத் தொரைங்களைக் கம்யூனிஸ்ட்காரங்க சுட்டாங்க, மலாயாவுல எமர்ஜென்சி, அதாவது அவசரகாலம் வந்துச்சு, 1960 ஜூலை வரைக்கும் இருந்துச்சு. அதே மாசம் 24ம் தேதி அங்க பக்கத்துல ஸ்டாலின் பெர்லினுக்குப் போற ரோட்டையும் ரயிலையும் அடைக்கிறான். கோல்ட் வார்னு தனியா ஒரு சாப்டர் வந்தா இந்தத் தாளை எடுங்க.

ஒரு எச்சரிக்கை. பெரியவங்க சொல்றது எல்லாமே அப்படியே நடந்ததுன்னு எடுத்துக்காதீங்க. ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தான்னு சொல்வாங்க, அது நிஜம். சிங்கப்பூர் பீரங்கியெல்லாம் கடலைப் பாத்தே நின்னுச்சு, திருப்பவே முடியலன்னும் சொல்வாங்க, அது முழுசா சரியில்ல, பலதைத் திருப்ப முடிஞ்சது, ஆனா இருந்த குண்டு பெரும்பாலும் கப்பலைத் துளைக்கிற வகை, தரையில வர்ற ஆளுங்ககிட்ட அது பெருசா எடுபடல. சந்தேகம் வந்தா தாள்ல பென்சில்ல எழுதுங்க, ரெண்டு எடத்துல பாத்துட்டு அப்புறம் பேனா.

கடைசியா, ஸ்கூல் லீவுல ஒரு நாள் ஹைவேல போகாம பழைய ரோட்டுலயே தெற்கால போங்க. ஈப்போ, கோப்பேங் தாண்டி கம்பார் வரும், 30 டிசம்பர் 1941லேருந்து 2 ஜனவரி வரைக்கும் அங்கதான் ஜப்பான்காரனை நம்ம இந்தியப் பட்டாளமும் வெள்ளைக்காரனும் சேந்து நிறுத்தி வச்சாங்க. அதே ரோட்டுல இன்னும் போனா சிலிம் ரிவர், 7 ஜனவரி, அங்க ஒரே விடிகாலையில ஜப்பான்காரன் டாங்க் வந்து எல்லாத்தையும் உடைச்சிட்டுப் போயிடுச்சு. கம்பார் மேட்டுல காலையிலேயே ஏறிடுங்க, தண்ணி எடுத்துக்குங்க, தாளையும் கைல வச்சுக்கிட்டு பையனையே விளக்கச் சொல்லுங்க, நீங்க வாயத் தொறக்காதீங்க. எங்க பையன் அங்க நின்னு அரை மணி நேரம் பேசுனான், பாதி சரி, மீதிய கீழ கடைல கறிக்கோழி ரொட்டி சாப்டுக்கிட்டே திருத்துனோம்.