வெளியான நியமத்தில் பிழை: திருத்தங்களை ட்ராக்கரில் கையாளும் முறை

தொழில்நுட்ப நியமம் (தரநிலை) ஒன்று வெளியான பிறகு அதன் பிரதியில் ஓர் எழுத்தைக்கூட அறிவிக்காமல் மாற்றக் கூடாது. அந்தப் பதிப்பை நம்பி ஒருவர் மென்பொருள் எழுதியிருப்பார்; இன்னொருவர் விலைமனு ஆவணத்தில் அதன் பிரிவு எண்ணையே குறிப்பிட்டிருப்பார். இணையம் இயங்கும் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் இதனால்தான் வெளியான பின் மாற்றப்படுவதில்லை. கண்டுபிடிக்கப்படும் பிழைகள் தனிப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. கொழும்பில் அரச திணைக்களங்களுக்கோ வங்கிகளுக்கோ தரவுப் பரிமாற்ற நியமம் பராமரிக்கும் குழுவும் கிட்ஹப், ஜிரா போன்ற ஏதாவதொரு ட்ராக்கரில் (பிழைகளையும் பணிகளையும் பதிந்து பின்தொடரும் மென்பொருளில்) அத்தகைய பட்டியலைப் பேணலாம்.

முதலில் பதிவுப் படிவத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு, பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், இருக்க வேண்டிய வாசகம், காரணம் ஆகிய ஐந்தும் அதில் கட்டாயமாக இருக்கட்டும். ஒரு பதிவில் ஒரு பிழை மட்டுமே இடம்பெற வேண்டும். பலவற்றை ஒன்றாக அனுப்புவோரின் மடலைப் பிரித்துப் பதிவது சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்த்தால் பாதி தீர்ந்த பதிவுகள் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும். நியமம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியாகியிருந்தால், பிழை எந்த மொழிப் பிரதியில் உள்ளது என்பதற்குத் தனி லேபல் இடுங்கள். தமிழ்ப் பிரதியில் மட்டும் விடுபட்ட ஒரு ‘அல்ல’ மற்ற இரு பிரதிகளையும் பார்த்துத்தான் உறுதிப்படும்.

அடுத்தது வகைப்படுத்தல், முழு வேலையின் பாரமும் இங்கேதான் இருக்கிறது. வலைத்தள நியமங்களை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பு, ‘பரிந்துரைகள்’ எனப்படும் தன் நியமங்களுக்கான மாற்றங்களை முக்கியமாக நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது: வாசகத்தைத் தொடாதவை, இணக்கத்தை (மென்பொருள் நியமத்தின்படி அமைந்திருப்பதை) பாதிக்காதவை, இணக்கத்தைப் பாதிப்பவை, புதிய வசதி சேர்ப்பவை. இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிவதே கடினம். இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படும் புதியதில் 12 இலக்கங்கள் உள்ளன. இரண்டிலும் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். நியமத்தில் ‘001 முதல் 366 வரை’ என்று மட்டும் அச்சாகியிருந்தால், அதன்படி எழுதப்பட்ட மென்பொருள் பெண்கள் அனைவரின் இலக்கத்தையும் செல்லாது என்று திருப்பிவிடும். ஒரு வரி விடுபட்டதுதானே என்று இதை எழுத்துப்பிழையோடு சேர்க்கக் கூடாது. நியமத்தின்படி சரியாக எழுதப்பட்ட மென்பொருளே மாற வேண்டியிருப்பதால் இது இணக்கத்தைப் பாதிக்கும் திருத்தம், குழுவின் முறையான ஒப்புதலின்றி நகரக் கூடாது. புதிய வசதி கேட்டு வரும் பதிவுகளை, எவ்வளவு நியாயமானவை என்றாலும், அடுத்த பதிப்புக்கான வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

பதிவின் நிலையையும் திருத்தத்தின் நிலையையும் வேறாக வைத்திருங்கள். ட்ராக்கரில் ‘மூடப்பட்டது’ என்பது ஏற்கப்பட்டதையும் குறிக்கலாம், நிராகரிக்கப்பட்டதையும் குறிக்கலாம். ஆர்எஃப்சி பிழைப் பட்டியலில் வரும் ‘அறிவிக்கப்பட்டது’, ‘உறுதிசெய்யப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’, ‘அடுத்த பதிப்புவரை நிறுத்திவைக்கப்பட்டது’ என்ற நான்கு நிலைகளை லேபல்களாக இட்டால் போதும். நிராகரிப்புக்கும் காரணம் எழுதுங்கள். இல்லையெனில் அதே பிழை வேறொருவர் பெயரில் மீண்டும் வரும்.

சில பிழைகளைத் திருத்தவே முடியாது. யூனிகோடில் ஆய்த எழுத்தின் பெயர், வடமொழிக்குரிய விசர்க்கக் குறி என்றே பதிவாகியுள்ளது; எழுத்துப் பெயர்கள் மாறா என்பது அங்குள்ள உறுதிமொழி. அத்தகையவற்றுக்கு விளக்கக் குறிப்பு ஒன்றே வழி.

உறுதியான திருத்தங்களின் பட்டியலை லேபல்களிலிருந்து தானாகவே உருவாக்கி, நியமத்தின் முகப்புப் பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். கையால் எழுதும் பட்டியல் விரைவில் ட்ராக்கரோடு முரண்படும். திருத்தம் எந்தப் பதிப்பின் எந்தப் பிரிவில் சேர்ந்தது என்பதைப் பதிவில் குறித்த பின்னரே அதை மூடுங்கள்.