பாட்டியின் பல்செட் பத்திரம்

பல்செட் கட்டியதும் பாட்டிகள் முதலில் ஆசைப்படுவது முறுக்குக்குத்தான். பல்செட் பழகும்வரை மென்மையான உணவே போதும், பழகியபின் சின்னதாக ஒடித்துக் கொடுங்கள். கழுவும்போதும் கவனம் வேண்டும். சோப்பு நுரையில் கைநழுவி வாஷ்பேசினில் விழுந்தால் பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். பேசினில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, அல்லது அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பற்பசை வேண்டாம். அது மேற்பரப்பைக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு துளியும் போதும், நன்றாக அலசிவிட வேண்டும். கொதிநீர் பட்டால் வடிவம் மாறி, அப்புறம் ஈறில் உரசிப் புண்ணாக்கும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் மூழ்க வையுங்கள், ஈறுக்கும் ஓய்வு.

கல்யாணப் பந்தியில்தான் எனக்குப் பயம். உறுத்துகிறதென்று கழற்றி, பேப்பரில் சுற்றி இலையோரம் வைப்பார்கள். இலையை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும், பாவம். கைப்பையில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

உடைந்துவிட்டால் கடைப் பசையால் ஒட்டாதீர்கள். எல்லாத் துண்டுகளையும் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.