தீபாவளிச் சரக்கு இறக்கும் முன் பாலிசியைப் பாருங்கள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, பினாங்கு லிட்டில் இந்தியா, எங்கே கடை வைத்திருந்தாலும் தீபாவளிக்கு முன் சரக்கு மளமளவென்று ஏறிவிடும். தீ காப்புறுதியில் எழுதிய தொகை மட்டும் பழையபடியே கிடக்கும். சிக்கல் அங்கேதான்.

கடையில் 3 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சரக்கு, பாலிசியில் 2 லட்சம் என்று வையுங்கள். 90,000 வெள்ளிச் சேலைகள் எரிந்தால், ‘2 லட்சத்துக்குள்தானே, முழுசாக வரும்’ என்று நினைப்போம். கிடைப்பது 60,000. காப்புறுதி எந்த விகிதத்தில் குறைகிறதோ, இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். முகவரிடம் சொல்லி, பண்டிகை மாதங்களுக்கு மட்டுமாவது சரக்குத் தொகையை உயர்த்துங்கள். அந்த மாற்றத்தை எழுதித் தரும் இணைப்புத்தாளைக் கையில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே பாஸ்’ என்று வந்ததை நம்பி இருக்காதீர்கள்.

சாதாரண தீ பாலிசியில் வெள்ளம் சேராது, கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியபோது தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விற்காத மூட்டைகளைத் தரையில் அடுக்காதீர்கள்.

திருட்டுப் பாலிசி பொதுவாகப் பூட்டை உடைத்து நுழைந்த தடயம் கேட்கும். நெரிசலில் ஒருவர் சேலையைப் பைக்குள் தள்ளிக்கொண்டு நடந்தால் பணம் வராது. வெளியே போட்ட கூடாரத்துச் சரக்கும் அப்படித்தான், அந்த இடம் பாலிசியில் இல்லையென்றால். கல்லாப் பணத்துக்குத் தனிப் பாலிசி உண்டு; இரவில் பெட்டகத்தில் எவ்வளவு வரை ஏற்பார்கள் என்று பாருங்கள்.

கொள்முதல் பில்களைப் படமெடுத்து வீட்டில் வையுங்கள். சரக்கோடு பில்லும் எரிந்தால் கணக்குக் காட்ட வழியில்லை.