ஐம்பதைக் கடந்தவர்களை மீண்டும் வேலையில் அமர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையிழந்து அரசின் உதவித்தொகை பெற்றுவரும் ஐம்பது வயது கடந்த ஒருவர் எதிரே வந்து அமர்ந்ததுமே, 'பணம் வருகிறது, அதனால்தான் இவர் வேலை தேடவில்லை' என்று வேலைவாய்ப்பு ஆலோசகர் மனத்துக்குள் முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் அவரைத் தடுப்பது சோம்பல் அல்ல, கணக்கு. மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையை விட்டுவிட்டுச் சேர்ந்த வேலை மூன்றே மாதத்தில் பறிபோனால், மறுபடியும் விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருக்க நேருமே என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே, எந்த வேலை என்று பேசுவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வேலையில்லாதோருக்கும் குறைந்த வருமானம் உள்ளோருக்கும் அரசு உதவித்தொகை வழங்கும் பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில், கைக்கு வரும் சம்பளத்தின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகையில் குறைக்கப்படுகிறது. 2021 இறுதிவரை இது 63 பென்ஸாக இருந்தது. பிள்ளைகளை வளர்ப்போருக்கும், உடல்நலக் குறைவால் வேலைத்திறன் குறைந்தோருக்கும் குறிப்பிட்ட வரம்புவரை இந்தக் கழிவு கிடையாது. மற்றவர்களுக்கு 100 பவுண்டு சம்பாதித்தால் கூடுதலாக மிஞ்சுவது 45. போக்குவரத்துக்கு 20 போனால் 25. இந்த 25-ஐ மறைத்துவிட்டு ஊக்கமூட்டிப் பேசுகிறவரை, முதல் சம்பளத்துக்குப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாரையும் ஒரே கணினி வகுப்புக்கு அனுப்புவது இன்னொரு தவறு. இருபது ஆண்டுகள் கிடங்கின் இருப்புக் கணக்கைக் கணினியில் பராமரித்த பெண்ணுக்கு மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது உதவியல்ல, அவமதிப்பு. அவருடைய உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கலாம்: விண்ணப்பத்தில் தந்திருப்பது மகனின் மின்னஞ்சல் முகவரி; நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை மகன் பார்ப்பதற்குள் தேர்வு நாளே கடந்துவிடுகிறது. பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் தொடங்கி நான்கு பக்கம் நீளும் பயோடேட்டாவையும் கவனிக்க வேண்டும். கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே போதும்.

வேலை தேடுபவரை மட்டுமே திருத்திக்கொண்டிருப்பதும் பிழைதான். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்கா 1967-லேயே சட்டம் இயற்றியது. ஆனாலும் பிறந்த ஆண்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரங்கட்டும் வழக்கம் எங்கும் ஒழிந்துவிடவில்லை. ஆலோசகரே நிறுவனத்துடன் பேசி, சில நாள்கள் வேலை செய்து காட்ட அனுமதி கேட்பது, பத்து விண்ணப்பங்களைவிடப் பயன் தரும்.

வேலையில் சேர்ந்த நாளோடு கோப்பை மூடிவிடுவதே இவற்றுள் மிகவும் வருத்தத்துக்குரியது. முதுகுவலி இரண்டாம் வாரத்தில் தலைகாட்டும், ஷிப்ட் மாறும். உதவித்தொகை எவ்வளவு குறைந்தது என்ற அறிவிப்பு முதல் சம்பளத்துக்குப் பின் வரும். தாளில் போட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க, அன்று அவர் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.